திருடித்தான் வல்லரசானதா சீனா?

கேள்வி இது: ‘சீனா அமெரிக்க நிறுவனங்களின் தொழில்நுட்பத்தைத் திருடித்தானே இவ்வளவு பெரிய ஆளானது? அந்தத் திருட்டை முளையிலேயே கிள்ளியிருந்தால் அமெரிக்காவின் முதலிடத்துக்கு ஆபத்தே வந்திருக்காது, அப்படித்தானே?’

திருடியது உண்மை. நீதிமன்றத்தில் நிரூபணமான வழக்குகளே நிறைய இருக்கின்றன. ஆனால் திருடியதால்தான் வளர்ந்தது என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது. இரண்டாவது கேள்விக்கு என் பதில் ‘இல்லை’. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை சீனாவில் தொடங்கவில்லை.

முதலில் சிலவற்றைப் பிரித்துக்கொள்வோம். பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் ‘திருட்டு’ என்று சொல்லிவிடுகிறோம். ஆளை விலைக்கு வாங்கி மென்பொருளின் மூலநிரலை எடுப்பதும், கணினிக்குள் புகுந்து வரைபடங்களை உருவுவதும் திருட்டு, அதில் வாதமே இல்லை. ‘எங்கள் சந்தைக்குள் வரவேண்டுமானால் எங்கள் கம்பெனியோடு கூட்டுச் சேர், தொழில்நுட்பத்தைச் சொல்லிக்கொடு’ என்று நிபந்தனை போடுவது வேறு. அதில் நிர்ப்பந்தம் இருக்கிறது, ஆனால் கையெழுத்துப் போடுகிறவருக்கும் ஒரு லாபக் கணக்கு இருக்கிறது. காசு கொடுத்து உரிமம் வாங்குவது இன்னொன்று. தன் நாட்டில் காப்புரிமை பதிவாகாத, அல்லது காப்புரிமைக் காலம் முடிந்துபோன ஒன்றைப் பார்த்துச் செய்வது நான்காவது. அது குற்றமே கிடையாது. சீனா இந்த நான்கையும் செய்தது. எதைச் செய்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்பட்டமான திருட்டுக்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான வழக்கு காற்றாலைத் துறையில் நடந்தது. அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் என்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம். காற்றாலையை இயக்கும் மின்கட்டுப்பாட்டுக் கருவிகளும் அவற்றுக்கான மென்பொருளும் அவர்களுடைய சரக்கு. அவர்களுடைய ஆகப்பெரிய வாடிக்கையாளர் சினோவெல், அப்போது சீனாவின் முதல் நிலைக் காற்றாலை உற்பத்தியாளர். கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஒரே வாடிக்கையாளரிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2011 மார்ச்சில் சினோவெல் திடீரென்று சரக்கை வாங்க மறுத்தது. அந்த நேரத்தில் 80 கோடி டாலருக்கும் அதிகமான ஒப்பந்தங்கள் இரு தரப்புக்கும் இடையே நிலுவையில் இருந்தன. முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை.

சில மாதங்கள் கழித்து, சீனாவில் ஒரு சினோவெல் காற்றாலையில் சோதனை நடத்தப் போன அமெரிக்கக் கம்பெனி ஊழியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சோதனை மென்பொருளின்படி நிற்க வேண்டிய நேரத்தில் ஆலை நிற்கவில்லை. இறக்கைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே ஓடியது அவர்கள் கொடுத்த மென்பொருள் இல்லை, அதைத் திருத்திய பிரதி. தேடிப் பார்த்தால் திருடிக் கொடுத்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரிலிருந்த கிளையில் வேலை செய்த ஒரு பொறியாளர், விஸ்கான்சினிலிருந்த கம்பெனிக் கணினியிலிருந்து மூலநிரலை இறக்கிக் கொடுத்திருந்தார். பதிலுக்கு அவருக்குப் பேசப்பட்டது சுமார் 17 லட்சம் டாலர் சம்பளத்துக்கு ஒப்பந்தம். ஆஸ்திரிய நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. இதில் வேடிக்கை என்னவென்றால், சினோவெல் அந்தத் திருட்டு மென்பொருளைப் போட்டு காற்றாலைகளை விற்ற இடங்களில் ஒன்று மாசசூசெட்ஸ். பறிகொடுத்தவனின் ஊரிலேயே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். வழக்குக்கு வேண்டிய சாட்சியமும் அங்கேயே கிடைத்துவிட்டது.

அமெரிக்க நிறுவனத்தின் பங்கு மதிப்பில் 100 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. ஏறத்தாழ 700 பேருக்கு வேலை போனது, மொத்த ஊழியர்களில் பாதிக்கு மேல். 2018 ஜனவரியில் விஸ்கான்சின் நடுவர் குழு சினோவெல்லைக் குற்றவாளி என்றது. அபராதம் வெறும் 15 லட்சம் டாலர். சமரசமாகக் கொடுத்தது 5 கோடியே 75 லட்சம். பறிபோனதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் தூசு. ‘திருட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை’ என்று லேசாகப் பேசுகிறவர்கள் அந்த எழுநூறு பேரை மறந்துவிடக் கூடாது.

சரி, திருடிய சினோவெல் என்ன ஆனது? இன்று உலகக் காற்றாலைச் சந்தையை ஆள்கிறதா? இல்லை. ஆண்டுக்கு ஆண்டு நஷ்டப்பட்டு, 2020-ல் ஷாங்காய் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அதே காலத்தில் சின்ஜியாங்கில் தொடங்கிய கோல்ட்விண்ட் என்ற கம்பெனி வேறு பாதையில் போனது. ஜெர்மன் கம்பெனிகளிடம் உரிமம் வாங்கிக் கற்றுக்கொண்டது. 2008-ல் வென்சிஸ் என்ற ஜெர்மன் வடிவமைப்பு நிறுவனத்தின் 70 சதவீதப் பங்கையே வாங்கிவிட்டது. அதன் ஆராய்ச்சி ஆட்களோடு சேர்ந்து, பல்சக்கரப் பெட்டி இல்லாத காற்றாலையை மேம்படுத்தியது. சமீப ஆண்டுகளில் உலகிலேயே அதிகக் காற்றாலை நிறுவிய கம்பெனிகளின் வரிசையில் முதலிடத்துக்கு வந்தது அதுதான். திருடியவன் போய்ச் சேர்ந்தான், காசு கொடுத்துக் கற்றவன் உட்கார்ந்திருக்கிறான். இது நீதிக்கதை இல்லை. திருடிய மென்பொருள் நேற்றைய ஆலையை ஓட்டும். அடுத்த ஆலையை வடிவமைக்க அதை எழுதியவர்களின் தலை வேண்டும். சினோவெல்லிடம் இல்லாமல் போனது அதுதான்.

இனி மாசசூசெட்ஸிலேயே இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். அங்கே லோவெல் என்று ஒரு நகரம் இருக்கிறது, அமெரிக்க நெசவுத் தொழிலின் பழைய தலைநகரம். யார் பெயரில் அந்த ஊர்? ஃபிரான்சிஸ் கேபட் லோவெல் என்ற பாஸ்டன் வணிகர். 1810-லிருந்து 1812 வரை பிரிட்டனில் தங்கி, லங்காஷயர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். விசைத்தறியின் படத்தை வெளியே கொண்டுபோக முடியாது, சட்டம் அப்படி. அதனால் பார்த்ததை மனத்தில் பதித்துக்கொண்டு கப்பலேறினார். வழியில் பிரிட்டிஷ் கடற்படை கப்பலைப் பிடித்து ஹாலிஃபாக்ஸில் நிறுத்திப் பெட்டிகளைச் சோதனை போட்டது. ஒன்றும் அகப்படவில்லை. ஊர் வந்து பால் மூடி என்ற இயந்திரக் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு வால்தம் என்ற ஊரில் ஆலை போட்டார். பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வந்த அமெரிக்க ஆலை அது.

அவருக்கு முன்னோடி சாமுவேல் ஸ்லேட்டர். இங்கிலாந்தின் டெர்பிஷயரில், நூற்பு இயந்திரத்துக்குப் பேர்போன ஆர்க்ரைட்டின் கூட்டாளியாக இருந்த ஜெடெடையா ஸ்ட்ரட்டின் நூற்பாலையில் பல ஆண்டுகள் தொழில் பழகியவர். தொழில் தெரிந்த ஆள் பிரிட்டனை விட்டு வெளியே போகக் கூடாது என்று 1718-லேயே சட்டம் இருந்தது; திரும்பி வரச் சொல்லியும் வராதவரின் சொத்தும் குடியுரிமையும் போய்விடும். நெசவு இயந்திரங்களைக் கடத்துவதைத் தடுக்க 1774-லும் 1781-லும் தனிச் சட்டங்கள். 21 வயது ஸ்லேட்டர் 1789-ல் பண்ணை ஆள் போல வேடம் போட்டுக் கப்பலேறினார். ஓராண்டு கழித்து ரோட் ஐலண்டின் பாடக்கெட் ஊரில் ஆர்க்ரைட் முறை நூற்பு இயந்திரம் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவில் அவருக்குப் பெயர் தொழில்துறையின் தந்தை. அவர் பிறந்த பெல்ப்பரிலோ ‘துரோகி ஸ்லேட்டர்’.

இது இரண்டு பேரின் தனிச் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுக் கொள்கையே அதுதான். 1790 ஜனவரியில் ஜார்ஜ் வாஷிங்டன் நாடாளுமன்றத்தில் பேசும்போது வெளிநாட்டுக் கண்டுபிடிப்புகளைக் கொண்டுவருவதற்கு ஊக்கம் தரவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் ஹாமில்டன் தந்த தொழில்துறை அறிக்கையிலும் அதே சுருதி. 1793 காப்புரிமைச் சட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் காப்புரிமை என்றது. ஆங்கிலேயன் கண்டுபிடித்ததற்கு அங்கே பாதுகாப்பில்லை. 1836-ல் வெளிநாட்டாருக்கும் கதவைத் திறந்தார்கள். ஆனால் கட்டணத்தைப் பாருங்கள்: அமெரிக்கருக்கு 30 டாலர், மற்ற நாட்டாருக்கு 300, பிரிட்டிஷ்காரருக்கு மட்டும் 500. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்களோ அவர்களுக்கே தனி விலை.

புத்தகத்தில் இன்னும் மோசம். ஆங்கில எழுத்தாளர்களின் நூல்களை அமெரிக்கப் பதிப்பாளர்கள் காசு கொடுக்காமல் அச்சிட்டு விற்றார்கள். 1842-ல் சுற்றுப்பயணம் வந்த சார்லஸ் டிக்கன்ஸ் மேடையில் இதைப் பற்றிப் புலம்ப, அங்கிருந்த பத்திரிகைகள் அவரையே பேராசைக்காரர் என்று ஏசின. வெளிநாட்டு எழுத்தாளருக்குப் பதிப்புரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1891-ல். அதுவும் திடீரென்று மனசாட்சி விழித்துக்கொண்டதால் இல்லை. ஓசியில் அச்சிட்ட ஆங்கிலப் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்ததால் உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்கள் விலை போகவில்லை, மார்க் ட்வைன் போன்றவர்கள் சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். விற்கச் சொந்தச் சரக்கு வந்த பிறகுதான் பூட்டு தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தும் நெதர்லாந்தும் கூட இப்படித்தான்: சுவிஸ் காப்புரிமைச் சட்டம் 1888-ல்தான் வந்தது, நெதர்லாந்து இருந்த சட்டத்தையும் 1869-ல் ரத்து செய்து 1912 வரை சும்மா இருந்தது. ஃபிலிப்ஸ் கம்பெனி மின்விளக்கு செய்யத் தொடங்கிய 1891-ல் அந்த நாட்டில் காப்புரிமை என்ற பேச்சே கிடையாது.

ஒரு நாடு எங்கே நிற்கிறது என்று தெரிய, அது யாரிடம் திருடுகிறது என்பதைவிட எப்போது பூட்டுப் போடத் தொடங்குகிறது என்று பார்ப்பேன் நான்.

சரி, பிரிட்டன் யாரிடமிருந்து எடுத்தது? பட்டு முறுக்கும் இயந்திரத்தின் இரகசியத்தை இத்தாலியின் பீட்மாண்டிலிருந்து ஜான் லோம்ப் கொண்டுவந்து டெர்பியில் ஆலை எழுந்த கதை பிரபலம். நமக்கு நெருக்கமானது வேறொன்று: சீட்டித் துணி. சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட வண்ணத் துணி 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பித்துப் பிடிக்க வைத்தது. அவர்கள் ஊர் அச்சுத்துணி ஒரு சலவையில் வெளுத்துவிடும். நம்முடையது துவைக்கத் துவைக்க எடுப்பாகும். உள்ளூர் நெசவாளர்கள் போராட, பிரான்ஸ் 1686-லிருந்து 1759 வரை தடை போட்டது. இங்கிலாந்து முதலில் 1700-ல் ஒரு சட்டம், பிறகு 1721-ல் அதைவிடக் கடுமையான சட்டம்.

இந்தத் தடைக்காலத்தில்தான் இரகசியமும் போனது. கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் இந்தக் கரையில் ஊழியம் செய்துவந்தார். (சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவிருப்பதை வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எழுதியவர் இவர், கூர்மையான ஆள்.) தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் துணிக்கு வண்ணம் எழுதுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைத் தனித்தனியாக, வெவ்வேறு சமயங்களில் விசாரித்து, சொன்னது ஒத்துப்போகிறதா என்று பார்த்து, 1742-ல் செய்முறை முழுவதையும் கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். அது அச்சிலும் வந்தது.

கடிதத்தில் என்ன இல்லை! பாதி வெளுத்த துணியைக் கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப்பாலில் ஊறவைப்பது. பிழிந்து காயவைத்து, கட்டையால் அடித்து வழவழப்பாக்குவது. துளையிட்ட தாளின் மேல் கரித்தூளைத் தட்டிக் கோலத்தைத் துணியில் இறக்குவது. கறுப்புக் கோட்டுக்கு இரும்பு ஊறிய காடி. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரத்தால் எழுதி, பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கவைப்பது. நீலம் படக் கூடாத இடத்தை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவது. படிகாரம் பட்ட இடத்தில் சாயவேரின் சிவப்பு பிடித்துக்கொள்ளும், படாத இடத்தில் கழுவினால் போய்விடும். பாலின் கொழுப்பும் கடுக்காயின் துவர்ப்பும் எழுதியது கசியாமல் காக்கும். ஐரோப்பாவின் அச்சுத்துணி வெளுத்ததும் நம்முடையது வெளுக்காததும் இதில்தான். அந்தச் சாயக்காரர்களுக்கு இதற்காக ஒரு காசும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இங்கேயும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். கேர்தூவின் கடிதத்தால்தான் இந்தியத் துணி வீழ்ந்ததா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தைப் படித்தவர்களிடம் சாயவேரும் இல்லை, எருமையும் இல்லை. தங்கள் ஊர் மஞ்சிட்டி வேரை வைத்துக்கொண்டு, தங்கள் வேதியியலைக் கொண்டு, வேறு வழியில் அதே சிவப்பைப் பிடித்தார்கள். கையால் எழுதுவதை விட்டு உருளை அச்சுக்குப் போனார்கள். ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரம் 1769-ல் காப்புரிமை பெற்றது. அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி, ஒருதலைப்பட்சமான தீர்வை. இவையெல்லாம் சேர்ந்துதான் மான்செஸ்டர் துணியை நம் சந்தைகளில் இறக்கின. செய்முறைக் குறிப்பு மட்டும் கையில் இருந்தால் அடுத்த வீட்டு ரசம் நம் வீட்டில் கொதித்துவிடாது.

இதற்கு எதிர்ப்பக்க நிரூபணம் சோவியத் யூனியன். திருட்டு மட்டும் ஒரு நாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோகும் என்றால் அவர்கள்தான் ஜெயித்திருக்க வேண்டும். 1944-ல் விளாடிவாஸ்டாக் பக்கம் இறங்க நேர்ந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களைக் கழற்றிப் பார்த்து, மூன்றே ஆண்டில் டியூ-4 என்ற அச்சு அசலான நகலைப் பறக்கவிட்டார்கள். அசாத்தியமான வேலைதான். ஆனால் கணினியில் அதே புத்தி கழுத்தை அறுத்தது. செர்கேய் லெபதெவின் குழு பெஸ்ம்-6 என்ற நல்ல சொந்தக் கணினியை 1960-களில் உருவாக்கியிருந்தது. அதை வளர்க்காமல், ஐபிஎம் 360 வரிசையை நகலெடுப்போம், மென்பொருளும் ஓசியில் கிடைக்கும் என்று மேலிடம் முடிவு செய்தது. லெபதெவ் எதிர்த்தார், எடுபடவில்லை. நகல் வெளிவந்தபோது அமெரிக்கா அடுத்த தலைமுறைக்குப் போயிருந்தது. அதற்கப்புறம் கடைசி வரை பின்னால் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையின் கோப்புகளை வைத்துப் பிற்காலத்தில் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தபோதும் ஏறக்குறைய இதுவே தெரிந்தது: உளவால் மேற்கு ஜெர்மனியோடு இருந்த உற்பத்தித் திறன் இடைவெளி குறைந்தது நிஜம், ஆனால் சொந்த ஆராய்ச்சி சோம்பிப்போனது.

அமெரிக்காவே முதல் உலகப் போரில் இன்னொரு பாடம் கற்றது. எதிரி நாட்டுச் சொத்து என்று ஜெர்மன் காப்புரிமைகளைப் பறிமுதல் செய்து, 4,500-க்கும் மேற்பட்ட வேதியியல் காப்புரிமைகளை 1919-ல் கெமிக்கல் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புக்கு வெறும் இரண்டரை லட்சம் டாலருக்குக் கொடுத்தது. சாயத் தொழிலில் உலகை ஆண்ட ஜெர்மனியின் மொத்த அறிவும் இப்போது நம் கையில் என்று நினைத்தார்கள். செய்து பார்த்தால் சாயம் சரியாக வரவில்லை. காப்புரிமை ஆவணத்தில் எவ்வளவு சொன்னால் உரிமை கிடைக்குமோ அவ்வளவுதான் எழுதியிருப்பார்கள். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம், எதைக் கண்டால் அடுப்பை அணைக்க வேண்டும் என்பதெல்லாம் ஆட்களின் கையில் இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான். கடைசியில் டூபான்ட் கம்பெனி ஜெர்மனியிலிருந்து வேதியியலாளர்களையே பெரிய சம்பளத்துக்கு அழைத்துவந்தது.

இப்போது சீனாவுக்கு வருவோம். பழைய கதைகளைச் சொல்லி ‘எல்லோரும் செய்ததுதானே’ என்று நழுவ நான் தயாராக இல்லை. ஸ்லேட்டர் தன் தலையில் இருந்ததைத்தான் கொண்டுபோனார். 2014 மே மாதம் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டிய ஐந்து சீன ராணுவ அதிகாரிகள் ஷாங்காயில் உட்கார்ந்தபடி வெஸ்டிங்ஹவுஸ், யு.எஸ். ஸ்டீல் போன்ற கம்பெனிகளின் கணினிகளுக்குள் புகுந்தார்கள் என்பது வழக்கு. ஒரு அரசு தன் ராணுவத்தை வைத்து வணிக இரகசியம் எடுப்பது வேறு அளவிலான சங்கதி. நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால், சீனா மட்டுமல்லாமல் எல்லோருடைய திருட்டையும் சேர்த்து ஆண்டுக்கு 22,500 கோடி டாலரிலிருந்து 60,000 கோடி வரை என்று ஓர் அமெரிக்க ஆணையம் 2017-ல் சொன்னது. கீழெண்ணும் மேலெண்ணும் இவ்வளவு தள்ளி நின்றால் அதற்குப் பெயர் கணக்கில்லை, ஊகம். பெரிய தொகை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஆனால் சீனாவை உயர்த்தியது எது என்று துறை துறையாகப் பார்த்தால் திருட்டு பின்வரிசைக்குப் போய்விடுகிறது. அதிவேக ரயிலுக்கு 2004-லிருந்து கவாசாகி, சீமென்ஸ், அல்ஸ்தோம், பம்பார்டியர் எல்லோரும் ஒப்பந்தம் போட்டுத்தான் தொழில்நுட்பம் கொடுத்தார்கள். ‘சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு நம் தலையிலேயே கைவைப்பான்’ என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் போகாவிட்டால் போட்டிக் கம்பெனி போய்விடும் என்ற பயம். அந்த மேசையில் நான்கு பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பேரம் பேச முடிந்ததே சீனாவின் உண்மையான பலம். அந்தச் சந்தை வேறு யாரிடமும் இல்லை. அதோடு, வெளிநாட்டுத் தொழில்நுட்பத்துக்கான உரிமத் தொகையாக மட்டும் சீனா இப்போதெல்லாம் ஆண்டுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் கொடுக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும் விட உறுத்துவது பேட்டரி. இன்று மின்வாகனங்களில் பரவலாக இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேதியியல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழுவில் 1990-களில் பிறந்தது. அதை வைத்து எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஏ123 என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அமெரிக்க அரசு 24 கோடியே 90 லட்சம் டாலர் மானியம் கொடுத்தது. கார்க் கம்பெனிகளிடமிருந்து போதிய ஆர்டர் வரவில்லை; 2012 அக்டோபரில் திவால். ஏலத்தில் எடுத்தது வான்சியாங் என்ற சீன வாகன உதிரிபாகக் குழுமம், சுமார் 25 கோடியே 66 லட்சம் டாலருக்கு. அமெரிக்க நீதிமன்றத்தின் ஒப்புதலோடு, ரசீது போட்டு. திவாலானபோது ஏ123-இன் தலைமையகம் எங்கே இருந்தது தெரியுமா? வால்தம், மாசசூசெட்ஸ். லோவெல் ஆலை போட்ட அதே வால்தம்.

இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் இரவில் சுவரேறிக் குதித்து எடுக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் பெருமளவில் செய்யும் தொழிலை விட்டுவிட்டார்கள். சீனர்கள் ஆலை மேல் ஆலை போட்டு, நஷ்டத்தைத் தாங்கி, செய்து செய்து விலையைக் குறைத்தார்கள். 2023-ல் ஃபோர்டு மிச்சிகனில் இதே பேட்டரிக்கு ஆலை போடுவதாக அறிவித்தபோது தொழில்நுட்ப உரிமம் வாங்கியது சிஏடிஎல் என்ற சீனக் கம்பெனியிடம். அமெரிக்க மண்ணில் பிறந்த வேதியியலுக்கு அமெரிக்கக் கம்பெனி சீனாவுக்கு உரிமத் தொகை கட்டுகிறது. உளவாளிகள் அத்தனை பேரையும் பிடித்துச் சிறையில் போட்டிருந்தாலும் இது இப்படித்தான் நடந்திருக்கும். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு ‘இல்லை’ என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இனி அந்தப் பூட்டு. 2019-ல் சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பங்களில் சீனா அமெரிக்காவை முந்தியது. விண்ணப்ப எண்ணிக்கையை வைத்துத் தரத்தை எடை போட முடியாது என்பதால் அதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. அடுத்து நடந்தவற்றுக்குக் கொடுக்கிறேன். 2023 டிசம்பரில் அரிய மண் தாதுக்களைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று சீனா தடை போட்டது. 2025 ஜூலையில் பேட்டரியின் நேர்மின்வாய்ப் பொருளைச் செய்யும் முறையும் லித்தியம் பதப்படுத்தும் முறையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. மறுபக்கம் அமெரிக்கா 2022 அக்டோபரிலிருந்து சிப் செய்யும் கருவிகளைச் சீனாவுக்குப் போகவிடாமல் மறிக்கிறது. இரண்டு பேரும் பூட்டோடு நிற்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் பூட்டிக்கொண்டிருந்த காலம் முடிந்தது. ஆதிக்கம் இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

2025 ஜூலை வாக்கில் இன்னொரு செய்தியும் வந்தது. இந்தியாவில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீனப் பொறியாளர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் ஊருக்குத் திரும்பச் சொல்லப்பட்டார்கள். ஆலைக் கருவிகள் சீனாவிலிருந்து வருவதும் இழுத்தடிக்கப்பட்டதாகப் பேச்சு. அந்த ஆலைகளில் முக்கியமானது நம் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. தொழில் தெரிந்த ஆளைத் திரும்ப அழை, இயந்திரத்தை வெளியே விடாதே: 1718, 1774 சட்டங்களின் சாரமே இதுதான், மொழி மட்டும் மாண்டரின்.

பிரிட்டனின் பூட்டு எப்படித் திறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் மீதிருந்த தடை 1824-ல் போனது, இயந்திரங்கள் மீதிருந்தது 1843-ல். திறக்கச் சொல்லி நின்றவர்கள் இயந்திரம் செய்கிறவர்கள். வெளியே விற்க விடுங்கள் என்றார்கள். மூடியே வைக்கச் சொன்னவர்கள் துணி ஆலைக்காரர்கள். சீனாவிலும் பேட்டரிக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கும் பேட்டரி செய்யும் கம்பெனிகளுக்கும் இடையே அதே இழுபறி வரும் என்றுதான் நினைக்கிறேன், அது இரண்டு மூன்று ஆண்டில் நடக்காது. அதுவரை ஸ்ரீபெரும்புதூரைக் கவனிப்பேன். பொறியாளர்கள் போன பிறகும் ஐபோன் வரிசை நிற்கவில்லை. அவர்கள் பக்கத்தில் நின்று வேலை பார்த்த நம் ஆட்கள் அடுத்த வரிசையைத் தாங்களாகவே அமைத்து ஓட்டிக் காட்டுகிறார்களா, அல்லது தைவானிலிருந்து வேறு ஆட்கள் வரும்வரை காத்திருக்கிறார்களா என்பது இனிமேல்தான் தெரியும்.